சஸ்பென்ஸ் அக்கவுண்டில் ஒரு தம்பதி

அக்கவுண்டன்சி படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் பற்றிச் சொல்லத் தேவையில்லை. படிக்காத புண்ணியவான்களுக்காக ரெண்டு வரி. டிரையல் பேலன்ஸ் போடுகிறீர்கள், டெபிட்டும் கிரெடிட்டும் ஒத்துப் போகவில்லை. எங்கே தப்பு என்று உடனே கண்டுபிடிக்கவும் முடியவில்லை. அந்த வித்தியாசத் தொகையைத் தூக்கி 'சஸ்பென்ஸ்' என்று ஒரு கணக்கில் தற்காலிகமாகப் போட்டு வைப்பார்கள். சரியான இடம் தெரிந்ததும் அங்கே மாற்றிவிட்டு இந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். அவ்வளவுதான்.

மனிதர்களையும் இப்படிப் போட்டு வைக்க முடியுமா? முடியும். அதுவும் அறுபத்தைந்து, எழுபது வயதில்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஊர் உலகத்துக்கு 'மார்மன்' என்று சொன்னால்தான் தெரியும். 1830ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு இரண்டு பேராக நடந்தோ சைக்கிளிலோ போகும் இளைஞர்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பையன்கள் என்றால் இரண்டு வருடம், பெண்கள் என்றால் ஒன்றரை வருடம், சபை அனுப்பும் ஊரில் ஊழியம். சம்பளம் கிடையாது. செலவுக்குப் பணத்தையும் அவர்களோ குடும்பமோதான் கட்ட வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வகை இருக்கிறது. மூத்த தம்பதிகள்! பிள்ளைகளை வளர்த்து, கல்யாணம் செய்து கொடுத்து, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றபிறகு, கணவன் மனைவியாகச் சேர்ந்து மிஷனரியாகப் போகிறவர்கள். ஆறு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம், இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று கால அளவை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். வீடு வீடாகக் கதவைத் தட்டும் வேலை இவர்களுக்கு இல்லை. மிஷன் அலுவலகத்தில் கணக்கு வழக்கு, இளைஞர்கள் தங்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது, நிவாரணப் பணி, ஆலயப் பணி, குடும்ப வரலாற்று ஆவணங்கள் என்று அவரவர் அனுபவத்துக்குத் தக்க வேலை.

பெயர்ப்பட்டை இவர்களுக்கும் உண்டு. அவர் 'எல்டர்', அவர் மனைவி 'சிஸ்டர்'. இதில் ஒரு வேடிக்கை. மிஷனரிகள் எப்போதும் ஒரு துணையோடுதான் இருக்க வேண்டும் என்பது விதி. இளைஞர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை துணை மாறிக்கொண்டே இருக்கும். தம்பதிகளுக்கு? அதே துணைதான். நாற்பது வருடமாக ஒருவர் காலையில் வேலைக்குப் போய் சாயங்காலம் திரும்பிக் கொண்டிருந்ததால் நன்றாக ஓடிய குடித்தனம், திடீரென்று இருபத்து நாலு மணி நேர ஷிஃப்டுக்கு மாறுகிறது. தாங்குகிறவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம் :-)

இப்படிப் போவதற்குத் தம்பதிகள் ஏன் தயங்குகிறார்கள் என்று அந்தச் சபையின் தலைவர்களில் ஒருவரான ராபர்ட் டி. ஹேல்ஸ் 2001ல் ஒரு மாநாட்டு உரையில் நாலு காரணம் சொன்னார். பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, தங்களுக்கு ஏற்ற இடம் கிடைக்குமா என்ற சந்தேகம், பணம். நாலும் நியாயமான காரணங்கள்தான். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அது கிளம்ப முடிவு செய்யும்போது கண்ணில் படாது. வீட்டைப் பூட்டியபிறகுதான் தெரியும்.

காத்திருப்பது.

புரிவதற்காக ஒரு இல்லஸ்ட்ரேஷன் போடுவோம். பாடப் புத்தகத்தில் 'ராம் அண்ட் கோ' என்று ஒரு கம்பெனி வருமே, அது மாதிரி. இது எந்த ஒரு நிஜக் குடும்பத்தின் கதையும் இல்லை. ஆனால் இதில் வருவதெல்லாம் இப்படிப் போகிறவர்களுக்கு நடக்கக்கூடியதுதான். பெயர் எதற்கு? தாத்தா, பாட்டி என்றே வைத்துக்கொள்வோம். யூட்டாக்காரர்கள். தாத்தாவுக்கு 68, ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டிக்கு 66, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிரேசிலுக்குப் பதினெட்டு மாத அழைப்பு வந்துவிட்டது.

அழைப்பு சும்மா வந்துவிடாது. டாக்டர் பரிசோதனை, பல் டாக்டர் பரிசோதனை, உள்ளூர் சபைத் தலைவரிடம் நேர்காணல், அவருக்கும் மேலே இருப்பவரிடம் இன்னொரு நேர்காணல். அப்புறம்தான் விண்ணப்பம் மேலே போகும். முன்பெல்லாம் அழைப்பு பெரிய உறையில் தபாலில் வரும், குடும்பமே சுற்றி உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும். 2018 கடைசியிலிருந்து அதுவும் இணையம் வழியாக வருகிறது. போஸ்ட்மேனை எதிர்பார்க்கும் சுகம் போச்சு.

இப்போது பணக்கணக்கு. இளைஞர்களுக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே மாதாந்திரத் தொகை. அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு 2020 ஜூலையில் அது 400 டாலரிலிருந்து 500 டாலராக உயர்ந்தது. செலவு அதிகமான ஊரும் குறைவான ஊரும் ஒன்றையொன்று ஈடு கட்டிக்கொள்ளும். தம்பதிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் செலவு அவர்கள் பாடு. ஆனால் 2011ல் ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். அப்போது வைத்த விதிப்படி வீட்டு வாடகை வகையில் தம்பதி கொடுக்க வேண்டியது மாதம் 1,400 டாலருக்கு மேல் போகாது, அதற்கு மேல் ஆனால் சபை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது. 1,400 பெருக்கல் 18 போட்டுப் பாருங்கள். 25,200 டாலர். வாடகை மட்டும்! சாப்பாடு, மருந்து, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், பொதுவாக நாட்டுக்கு வெளியே செல்லாது. அதனால் இன்ஷூரன்ஸும் வேறு பார்க்க வேண்டும்.

தாத்தா கணக்காளர் அல்லவா, எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார். வீட்டைச் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தாயிற்று. ஒரு காரை விற்றாயிற்று. போட்டோ ஆல்பங்கள், பாட்டியின் தையல் மிஷின், கிறிஸ்துமஸ் சாமான்கள் எல்லாம் மகள் வீட்டு நிலவறையில் அட்டைப்பெட்டிகளாக அடுக்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சபையில் விடை பெறும் பேச்சு. பேரன் பேத்திகள் முன் வரிசையில். சாப்பாடு, கட்டிப்பிடித்தல், அழுகை, போட்டோ. எல்லாம் முடிந்தது.

விசா மட்டும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு சபைக்குப் போனால், போன வாரம் கட்டிப்பிடித்து அழுதவர்களே ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். "இன்னும் கிளம்பலையா?" கடைக்குப் போனால் அதே கேள்வி. முடி வெட்டப் போனாலும் அதே கேள்வி. கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பத்தாவது தடவை கேட்கும்போது ஏதோ தப்பு செய்துவிட்டு ஊருக்குள் ஒளிந்து திரிகிற மாதிரி இருக்கும். சொந்த வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார். மகள் வீட்டு விருந்தினர் அறையில் பெட்டியைப் பிரிக்காமலே படுக்கிறார்கள். குளிருக்குப் போட ஸ்வெட்டர் இல்லை, எடுத்து வைத்ததெல்லாம் பிரேசில் வெயிலுக்கான உடுப்பு!

காகிதங்களுக்கும் ஆயுசு உண்டு. போலீஸ் சான்றிதழைக் குறிப்பிட்ட காலத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். விசா இழுக்க இழுக்க அது காலாவதியாகும், மறுபடி விரல் ரேகை கொடுக்க வேண்டும். வயதானால் விரல் ரேகை தேய்ந்துபோய் இயந்திரத்தில் சரியாகப் பதியாது. நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கை என்று பாட்டி சொல்லிப் பார்க்கலாம், இயந்திரத்துக்கு அதெல்லாம் புரியாது.

இந்த நிலைமையில்தான் சபை ஒரு வழி வைத்திருக்கிறது. விசா வரும்வரை உள்நாட்டிலேயே வேறொரு மிஷனில் தற்காலிக ஊழியம். இப்படி வேலை பார்க்கிறவர்களுக்கு அவர்கள் வட்டாரத்தில் ஒரு செல்லப்பெயரே உண்டு, 'விசா வெயிட்டர்'. 2010, 2011 வாக்கில் பிரேசில் விசாவுக்காக இப்படி அமெரிக்க ஊர்களில் காத்திருந்த இளைஞர்கள் ஏராளம். நம் தாத்தா பாட்டியை நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸில் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆமாம், சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர் போன அதே லாஸ் வேகாஸ்தான். ஆனால் அந்த ஊருக்கும் இந்தச் சபைக்கும் பழைய உறவு உண்டு. 1855லேயே மார்மன் மிஷனரிகள் அங்கே போய் மண் கோட்டை கட்டினார்கள், 1857ல் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அந்தக் கோட்டையின் மிச்சம் இன்றும் இருக்கிறது.

யூட்டாவிலிருந்து காரில் சுமார் ஆறு மணி நேரம். கடல் கடந்து போகிறோம் என்று விடை பெற்றவர்கள், பக்கத்து மாநிலத்தில் போய் இறங்குகிறார்கள்.

அங்கே வேலை என்ன? வீடு பார்ப்பது. மிஷனரி இளைஞர்கள் தங்குவதற்கு ஊர் முழுக்க அபார்ட்மெண்ட்கள் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். வாடகை ஒப்பந்தம், மின்சார பில், ஓட்டை ஃபிரிட்ஜ், ஓடாத ஏசி, கூடுதலாக ஒருவர் வந்துவிட்டால் இன்னொரு மெத்தை. பத்தொன்பது வயதுப் பையன்கள் குடியிருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம், ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். பாட்டி மாதம் ஒருமுறை போய் பரிசோதிக்கிறார். குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு இரண்டடி பின்வாங்குகிறார்.

முதல் இரண்டு மாதம் இருவருக்கும் மனசு ஒட்டவில்லை. தாத்தா தினமும் காலையில் மெயில் திறந்து பார்க்கிறார், விசா பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று. பாட்டி போர்ச்சுகீஸ் பாடப் புத்தகத்தை மேஜையில் விரித்தே வைத்திருக்கிறார். சுவரில் படம் மாட்டவில்லை. சமையலறைக்கு நல்ல கத்தி வாங்கவில்லை. "எப்படியும் போகப் போறோமே, எதுக்கு?" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில். உடம்பு லாஸ் வேகாஸில், மனசு பிரேசிலில். இரண்டு இடத்திலும் அவர்கள் இல்லை என்பதுதான் நிஜம்.

இதில் வயது என்ற ஒரு கணக்கு இருக்கிறது. இருபது வயதுப் பையனுக்கு ஆறு மாதம் வீணானால், அடடா என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கையிருப்பு நிறைய இருக்கிறது. 68 வயதில் ஆறு மாதம் என்பது வருமானத்திலிருந்து போகிற செலவு இல்லை, முதலிலிருந்து போகிற செலவு. இன்றைக்கு 'போகலாம்' என்று கையெழுத்துப் போட்ட டாக்டர் அடுத்த வருடமும் போடுவாரா? பாட்டியின் முழங்கால் அதுவரை தாங்குமா? விசா வருகிற நாளில் ரத்த அழுத்தம் ஒத்துழைக்குமா? இதைத்தான் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் மெயில் பார்க்கிறார்கள்.

நாலாவது மாதம் மகளுக்குக் குழந்தை பிறக்கிறது.

பிரேசிலில் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. அது தெரிந்தேதான் கிளம்பினார்கள். 'கடவுளுக்காகச் செய்த தியாகம்' என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆறு மணி நேர தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டை ஏசிக்கு ஆள் பிடித்துக்கொண்டு, பேத்தியைப் பார்க்காமல் இருப்பதற்கு என்ன பெயர்? வீட்டுக்குப் பேசும் விஷயத்தில் தம்பதிகளுக்கு எப்போதுமே கெடுபிடி குறைவு. இளைஞர்கள் 2019 பிப்ரவரி வரை வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்குப் போன் பேசலாம், அதன்பிறகுதான் வாராவாரம். தம்பதிகள் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். மிஷன் தலைவரிடம் கேட்டால் இரண்டு நாள் போய்வர அனுமதிகூடக் கிடைக்கலாம். கேட்பதா, வேண்டாமா?

தாத்தா சொல்கிறார், "பிரேசில்ல இருந்தா என்ன செஞ்சிருப்போமோ, அதையே செய்வோம்."

பாட்டி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இருபத்து நாலு மணி நேரமும் கூடவே இருக்க வேண்டிய துணை பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பாட்டி சொல்கிறார், "நாம பிரேசில்ல இல்லை. இங்கதான் இருக்கோம். அதை முதல்ல ஒத்துக்கலாம்."

யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்ல இந்தப் பதிவால் முடியாது. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்பது தாத்தாவின் பக்கம். எந்த ஊருக்கோ கொடுத்த வாக்கை இந்த ஊரில் வைத்துக் காப்பாற்றுவது நடிப்பு என்பது பாட்டியின் பக்கம். அனுமதி கேட்டார்கள், கிடைத்தது, போய்ப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முக்கியம் அதுவல்ல. திரும்பி வரும் வழியில் பாட்டி ஒரு கடையில் காரை நிறுத்தச் சொல்லி நல்ல கத்தி ஒன்றும் பெரிய சூப் பாத்திரம் ஒன்றும் வாங்கினார். அதுதான் முக்கியம்.

அன்றிலிருந்துதான் அவர்கள் லாஸ் வேகாஸுக்கு உண்மையாகவே வந்தார்கள்.

மெத்தை வாங்கிப் போக அலுவலகத்துக்கு வரும் பையன்களுக்கு இப்போது சூப் கிடைக்கிறது. வீட்டை விட்டு முதல்முறையாக வெளியே வந்தவர்கள். ஒருவன் ராத்திரியில் அழுகிறான், யாரிடமும் சொல்வதில்லை. சூப் குடிக்கும்போது பாட்டியிடம் சொல்கிறான். ஒருவனுக்குச் செலவுக் கணக்கே எழுதத் தெரியவில்லை, பத்தாம் தேதிக்குள் மாதப் பணம் தீர்ந்துவிடுகிறது. தாத்தா ஒரு நோட்டில் கோடு போட்டு வரவு, செலவு, மீதி என்று எழுதக் கற்றுக் கொடுக்கிறார். (இளங்கலை வணிகவியலில் முதல் வாரப் பாடம்!)

அந்தப் பையன்களில் யாருக்கும் இவர்கள் 'தற்காலிகம்' என்று தெரியாது. தெரிந்தாலும் அது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓடாத ஏசியைச் சரி செய்ய ஆள் அனுப்பியவர் நிரந்தரமா தற்காலிகமா என்று நெவாடா வெயிலில் யார் விசாரிப்பார்கள்? 'தற்காலிகம்' என்பது காத்திருக்கிறவர் தன் தலைக்குள் மாட்டி வைத்திருக்கும் பலகை. எதிரே நிற்பவர் கண்ணுக்கு அது படுவதே இல்லை.

2020ல் இந்தக் காத்திருப்பு மொத்தமாக நடந்தது. கொரோனா வந்ததும் மார்ச் மாதத்தில் வெளிநாடுகளில் இருந்த மிஷனரிகளைப் பெருமளவில் சபை சொந்த நாட்டுக்குத் திரும்ப அழைத்தது. பயிற்சி மையங்களுக்குப் போக வேண்டிய புதியவர்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் பயிற்சி எடுத்தார்கள். 2019 முடிவில் சுமார் 67,000 ஆக இருந்த முழுநேர மிஷனரிகள் எண்ணிக்கை 2020 முடிவில் சுமார் 52,000. குறைந்த ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் பாதியில் கட்டிய பெட்டியோ, பிரிக்காத பெட்டியோ ஒன்று இருந்திருக்கும். முதியவர்களுக்குத்தான் நோயின் ஆபத்து அதிகம் என்பதால் மூத்த தம்பதிகளின் காத்திருப்புக்கு முடிவு தேதியே தெரியாத காலம் அது.

சரி, நம் தாத்தா பாட்டிக்கு என்ன ஆனது?

எட்டாவது மாதம் விசா வருகிறது. தாத்தா மெயிலைப் பார்த்துவிட்டு உடனே பாட்டியைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பிறகு அடுத்து வரப்போகிறவருக்காக ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பிக்கிறார். எந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகும், எந்த வீட்டுச் சொந்தக்காரரிடம் போனில் பேசினால் காரியம் நடக்காது, நேரில்தான் போக வேண்டும், எந்தப் பையன் பணம் தீர்ந்தாலும் வாய் திறந்து கேட்க மாட்டான்... பன்னிரண்டு பக்கம். பாட்டி கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார்: சூப் பாத்திரம் மேல் அலமாரியில் இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. விசா வராமலே காலம் முடிந்து, தற்காலிக ஊரிலிருந்தே வீடு திரும்புகிறவர்களும் இருக்கலாம். "உங்க மிஷன் எங்கே?" என்று யாராவது கேட்டால் அவர்கள் ஒரு நொடி தயங்குவார்கள். அழைப்பில் இருந்த ஊரைச் சொல்வதா, இருந்த ஊரைச் சொல்வதா?

புத்தக விதிப்படி, தப்பு கண்டுபிடித்துத் தொகையைச் சரியான தலைப்புக்கு மாற்றியதும் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் மிச்சம் பூஜ்யம். அப்படி ஒரு கணக்கு இருந்த சுவடே பைனல் அக்கவுண்ட்ஸில் தெரியாது. பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மார்க் போச்சு.

ஆனால் அந்த எட்டு மாதம் எங்கேயும் மாற்றி எழுதப்படவில்லை. பிரேசில் கணக்கில் அது வராது, யூட்டா கணக்கிலும் வராது. லாஸ் வேகாஸ் பெயரிலேயே இருக்கிறது. அதைச் சரிபார்க்க வேண்டுமென்றால், பத்தாம் தேதிக்கு மேலும் கையில் பணம் மிச்சம் வைத்திருக்கும் அந்தப் பையனின் நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.